ஏஐ தந்த நிரலை மெர்ஜ் செய்யும் முன்

பதினோரு வருடமாக நிரல் எழுதுகிறேன். இப்போது பாதி நாள் ஏஐ எழுதியதைப் படிப்பதிலேயே போகிறது. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் பழக வேண்டியதும் அதைத்தான்.

மெர்ஜ் செய்யும் முன், அதாவது அந்த நிரலை முதன்மை நிரலோடு சேர்க்கும் முன், முதலில் டெஸ்டை (நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் சோதனையை) நீங்களே எழுதுங்கள். அப்புறம் பணமும் தேதியும் வரும் வரிகளில் கொஞ்சம் நில்லுங்கள். எங்கள் பில்லிங் வேலையில் இன்றைய தேதியை எடுக்க ஏஐ ஜாவாஸ்கிரிப்ட்டின் 'டூஐஎஸ்ஓஸ்ட்ரிங்' (toISOString) கட்டளையைப் போட்டுத் தந்தது. பார்க்க அழகுதான். ஆனால் அது தருவது யூடிசி நேரம், அதாவது இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம். நள்ளிரவிலிருந்து காலை 5.30 வரை போட்ட பில்லெல்லாம் முந்தைய நாள் கணக்கில் விழுந்தன. பகலில் சோதித்தால் மாட்டவே மாட்டாது. டெஸ்டில் இரவு 1 மணியையும் வையுங்கள்.

வரி புரியவில்லையா? சரி, ஏஐயிடமே கேளுங்கள். பக்கத்து சீட்காரருக்கு நீங்கள் விளக்க முடிகிறவரை மெர்ஜ் பட்டனைத் தொடாதீர்கள்.