சத்தம் குறைந்த .22 வேண்டுமா? தோட்டாவில் தொடங்குங்கள்

நல்ல சப்ரெசர் (பேரல் எனும் துப்பாக்கிக் குழலின் நுனியில் மாட்டும் சத்தக் குறைப்பான்) வாங்கி மாட்டிய பிறகும் .22 எல்ஆர் (லாங் ரைஃபிள் எனும் சிறிய தோட்டா) ரைஃபிள் சாட்டையைச் சொடுக்கியது போல 'பட்' என்கிறதே என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, தோட்டா டப்பாவில் என்ன வேகம் போட்டிருக்கிறது என்பதைத்தான். சப்ரெசர் பேரல் வாயில் வெளிவரும் வாயுவின் சத்தத்தை மட்டும்தான் அடக்கும். குண்டு ஒலியைவிட வேகமாகப் போனால் காற்றில் எழும் வெடிப்பொலியை அதனால் ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் அந்தச் சத்தம் குண்டு போகும் வழியெல்லாம் பிறக்கிறது.

ஒலியின் வேகமும் ஒரே எண் இல்லை. 20 டிகிரி செல்சியஸில் வினாடிக்குச் சுமார் 1,125 அடி, 0 டிகிரியில் 1,087 அடி. கோடையில் அமைதியாக இருந்த அதே டப்பா கடும் குளிரில் நடுநடுவே வெடிப்பது இதனால்தான். குளிரில் தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்தும் கொஞ்சம் மந்தமாகும், ஆனால் அது கணக்கைச் சரிக்கட்டிவிடும் என்று நம்பி உட்கார வேண்டாம். டப்பாவில் இருப்பது சராசரி வேகம், ஒவ்வொரு தோட்டாவும் அதற்கு மேலும் கீழும் போகும். 1,070 அடி போட்ட, சிசிஐ நிறுவனத்தின் ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி தோட்டா பெரும்பாலான நாட்களில் போதும், விலையும் நியாயம், குண்டுகளும் அட்டையில் நெருக்கமாகவே விழும். குளிர் பிரதேசத்தில் சுடுபவர் என்றால் 1,050 அல்லது அதற்கும் கீழே இறங்குங்கள்.

ரொம்பவும் கீழே போகவும் வேண்டாம். 40 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டு 1,050 அடியில் சுமார் 98 அடி-பவுண்டு ஆற்றலோடு கிளம்பும். அதே எடையில் 710 அடியில் வரும் சிசிஐ குவைட்-22 சுமார் 45 தான். அட்டையில் சுட அது அருமை, சப்ரெசர் இல்லாமலேயே காதுக்கு இதம், ஆனால் முயல் வேட்டைக்கு நான் எடுக்க மாட்டேன், அதோடு பெரும்பாலான செமி-ஆட்டோக்களில் (தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிகளில்) அது போல்ட்டை, அதாவது தோட்டா அறையை மூடும் பாகத்தை, முழுதாகப் பின்னுக்குத் தள்ளாது. செமி-ஆட்டோதான் வைத்திருக்கிறீர்கள் என்றால் கனமான குண்டோடு அதற்கென்றே வரும் சப்சோனிக் (ஒலியைவிட மெதுவாகப் போகும்) வகைகளைப் பாருங்கள். உண்மையான அமைதி வேண்டுமென்றால் கையால் போல்ட்டை இழுத்துச் சுடும் போல்ட் ஆக்‌ஷன்தான், செமி-ஆட்டோவில் போல்ட் அடிக்கும் சத்தமும் போல்ட் திறக்கும் பக்கமாகக் கசியும் வாயுவும் காதுக்கு அருகிலேயே இருக்கும்.

மருந்தே இல்லாமல் பிரைமர் (தீப்பொறி தரும் பகுதி) மட்டும் வைத்து வரும் அகிலா நிறுவனத்தின் கொலிப்ரி தோட்டா கைத்துப்பாக்கிக்கானது. ரைஃபிள் பேரலில் குண்டு பாதியிலேயே நின்றுவிடலாம். எந்தத் தோட்டாவாக இருந்தாலும் சத்தம் வழக்கத்தைவிடச் சோர்வாகக் கேட்டு, அட்டையிலும் ஓட்டை விழவில்லை என்றால், அங்கேயே நிறுத்துங்கள். துப்பாக்கியைக் காலி செய்து, பேரலுக்குள் எதுவும் அடைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்தது.

சரி, பேரலுக்கு வருவோம். .22 எல்ஆர் மருந்து ஏறக்குறைய 16 அங்குலத்துக்குள் தன் வேலையை முடித்துவிடும், அதற்கு மேல் நீளம் கூடினால் வேகம் ஏறுவதில்லை, உராய்வில் கொஞ்சம் இறங்கவும் செய்யும். அதனால் நீளமான பேரல் சப்சோனிக் தோட்டாவை ஒலி வேகத்துக்கு மேலே தள்ளிவிடும் என்ற பயம் வீண், வாயில் அழுத்தம் குறைந்து இன்னும் அமைதியாகத்தான் இருக்கும். ஆனால் 22 அங்குலப் பேரல் நுனியில் ஐந்தாறு அங்குல சப்ரெசரையும் மாட்டிக்கொண்டு புதருக்குள் நுழைந்து பாருங்கள், அப்போது தெரியும். என் தேர்வு 16 முதல் 18 அங்குலம். இன்னும் குட்டையாக வேண்டும் என்பவர்கள் முதலில் சட்டத்தைப் பாருங்கள்: அமெரிக்காவில் 16 அங்குலத்துக்குக் குறைந்த ரைஃபிள் பேரல் தனிப் பதிவுக்குள் வந்துவிடும், சப்ரெசருக்கும் நாட்டுக்கு நாடு வேறு விதி. பேரலைக் குறைத்தால் ஹை வெலாசிட்டி (அதிவேக) தோட்டாவும் சப்சோனிக் ஆகிவிடும் என்று சொல்வார்கள், கைத்துப்பாக்கி நீளத்தில் அது நடக்கலாம், 16 அங்குல ரைஃபிளில் நடக்காது.

ட்விஸ்ட்தான், அதாவது குண்டைச் சுழல வைக்கும் பேரலின் உள்வரி எத்தனை அங்குலத்தில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது என்பதுதான், பலர் கவனிக்காமல் விடுவது. வழக்கமான .22 எல்ஆர் பேரலில் உள்வரி 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று, அது 40 கிரெய்ன் குண்டுக்குச் சரியான கணக்கு. அகிலாவின் 60 கிரெய்ன் எஸ்எஸ்எஸ் போன்ற நீளக் குண்டுக்கு அந்தச் சுழற்சி பல பேரல்களில் போதாது, குண்டு தள்ளாடி அட்டையில் பக்கவாட்டாக விழும்: வட்ட ஓட்டைக்குப் பதில் சாவித்துவாரம் மாதிரி நீண்ட கிழிசல். அப்படிப் போகும் குண்டு சப்ரெசருக்குள் தடுப்புத் தட்டுகளை இடித்தால் சப்ரெசர் போச்சு. கனமான குண்டை ஆசைப்பட்டு வாங்கினால் சப்ரெசரைக் கழற்றிவிட்டு முதலில் அட்டையில் சுடுங்கள், ஓட்டைகள் எல்லாம் வட்டமாக இருந்தால் மட்டும் மாட்டுங்கள். 9 அங்குலத்துக்கு ஒரு சுற்று போன்ற வேகமான ட்விஸ்ட் பேரல் இருந்தால் கவலை குறைவு.

பேரல் நுனியில் சப்ரெசரைத் திருகும் மரையையும் பார்த்து வாங்குங்கள். அமெரிக்க வழக்கம் 1/2-28 (அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 மரை), ஐரோப்பிய ரைஃபிள்கள் பலவற்றில் 1/2-20. இரண்டும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், மாற்றித் திருகினால் மரை கெடும். மரை பேரலின் உள்துளையோடு ஒரே மையத்தில் இருக்க வேண்டும், சப்ரெசர் வந்து உட்காரும் தோள்பட்டை நேராக வெட்டப்பட்டிருக்க வேண்டும். துப்பாக்கியைக் காலி செய்து, போல்ட்டையும் எடுத்துவிட்டு, சீரமைப்புக் கம்பி ஒன்றைப் பேரல் வழியாக விட்டுப் பார்த்தால் சப்ரெசரின் வாயில் அது நடுவில் நிற்கிறதா, ஓரம் சாய்கிறதா என்று கண்ணுக்கே தெரியும்.

அப்புறம் சோதனை. ஒரே வேகம் போட்ட மூன்று நான்கு பிராண்டுகளை ஒவ்வொரு டப்பா வாங்கி, சப்ரெசர் மாட்டிய நிலையிலேயே 50 கெஜத்தில் ஐந்தைந்து குண்டுகளாகச் சுடுங்கள், ஏனென்றால் சப்ரெசர் மாட்டினால் குண்டு விழும் இடமே நகரும். பிராண்டு மாற்றும்போது முதல் பத்துப் பதினைந்து குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள், குண்டின்மேல் பூசியிருக்கும் மெழுகில் பழையது போய்ப் புதியது பேரலில் படிய அவ்வளவு வேண்டும். 50 கெஜத்தில் பூஜ்யம் வைத்தால் (குண்டு குறியிலேயே விழும்படி குறிநோக்கியைச் சரிசெய்தால்) 100 கெஜத்தில் ஆறேழு அங்குலம் கீழே விழும், பதற வேண்டாம், சப்சோனிக்கின் இயல்பு அது. முதல் குண்டு மட்டும் கொஞ்சம் உரக்கக் கேட்டால் சப்ரெசருக்குள் இருந்த ஆக்சிஜன் எரிந்த சத்தம், தோட்டாமீது பழி போடாதீர்கள். பிடித்த தோட்டா கிடைத்ததும் டப்பாவின் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணைக் குறித்துக்கொண்டு அதே லாட்டில் பெட்டியாக வாங்குங்கள். வெறும் ஈயக் குண்டு சப்ரெசருக்குள் ஈயமாகவே படியும், ஆகவே கழற்றிச் சுத்தம் செய்யக்கூடிய மாடலாகப் பாருங்கள், துடைக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.