ரன்-ஃபிளாட் டயரா, சாதா டயரா?

முதலில் டிக்கியைத் திறந்து விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஸ்டெப்னி வைக்க இடமிருந்தால் சாதா டியூப்லெஸ் போதும், என் ஓட்டு அதற்குத்தான். ரன்-ஃபிளாட்டின் பக்கச் சுவர் தடிமன் என்பதால், காற்று முழுக்க இறங்கினாலும் பெரும்பாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்குள் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் ஓட்டலாம். ராத்திரி உளுந்தூர்பேட்டை தாண்டி ஆணி ஏறினால் இருட்டில் ஜாக்கி தேடாமல் நேரே விழுப்புரம் வந்துவிடலாம். ஆனால் அந்த விறைப்புதான் ஒவ்வொரு பள்ளத்திலும் இடுப்பைப் பதம் பார்க்கும், விலையும் கூடுதல், காற்றில்லாமல் ஓடிய டயரைப் பஞ்சர் ஒட்டி மறுபடி ஓட்டுவதை நம்ப முடியாது. அப்புறம், டயர் அழுத்த எச்சரிக்கை விளக்கு இல்லாத காரில் ரன்-ஃபிளாட் வேண்டவே வேண்டாம், காற்று போனதே தெரியாது. ரன்-ஃபிளாட் போட்ட காரில் சாதாவுக்கு மாறுகிறீர்களா? சரி, நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள், ஸ்டெப்னிக்கு இடமில்லையென்றால் பஞ்சர் கிட்டும் சின்ன ஏர் பம்பும் டிக்கியில் கிடக்கட்டும்.