அத்தையின் மணிக்கட்டில் இருந்த தடம்: மறதி நோயாளர் இல்லங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்த என் அத்தையின் மணிக்கட்டில் ஒருநாள் துணி இறுக்கிய தடம் தெரிந்தது. மறதி நோய் வந்த அவரைக் கட்டிலோடு கட்டிய ஆயா, முந்தைய நாள் காலை ஆறு மணிக்கு வேலைக்கு வந்தவர். இரவுப் பணிக்கு ஆள் வராததால் பன்னிரண்டு பேரை ஒற்றை ஆளாகப் பார்த்திருக்கிறார். கட்டியது தவறு, அதில் எனக்கு இன்றும் இரண்டு கருத்து இல்லை. அந்த ஆயாவை அப்படித் தனியாக விட்டது அதைவிடப் பெரிய தவறு.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் பணிச்சோர்வைப் பணியிடத்தோடு சேர்த்தே விளக்கியது: தீராத அயர்ச்சி, வேலையிலிருந்து மனம் விலகிப்போதல், எதையும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம். இல்லங்களில் இரண்டாவதைக் காதாலேயே கேட்கலாம். நேற்றுவரை "பாட்டியம்மா" என்று கூப்பிட்டவர் "மூன்றாம் கட்டில்" என்று சொல்லத் தொடங்குவார். அன்றே அவருக்கு விடுப்பு கொடுத்துவிட வேண்டும். கூடுதல் சம்பளம் தருவதாகச் சொல்லி அடுத்த ஷிப்டையும் அவர் தலையில் கட்டுவதுதான் நிர்வாகங்கள் செய்யும் முதல் பிழை.

"வேண்டுமென்றே செய்கிறார்" என்று நினைப்பது அடுத்தது. பத்தாவது முறையாகக் கேட்கும் கேள்வி, கேட்பவருக்கு முதல் கேள்விதான். அண்ணன் எங்கே என்று அத்தை கேட்கும்போதெல்லாம் "அவர் இறந்து இருபது வருடம் ஆகிறது" என்று திருத்தினார்கள். ஒவ்வொரு முறையும் புதுச் சாவுச் செய்தி கேட்டவர்போல் அழுதார். "அண்ணன் உங்களுக்கு என்ன வாங்கி வருவார்?" என்று நான் கேட்டபோது கமர்கட்டைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்.

அதே இல்லத்தில் பிரெஞ்சுப் படையில் இருந்த ஒரு சொல்தா தாத்தா "தெ லோ, தெ லோ" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். உளறுகிறார் என்று விட்டுவிட்டார்கள். பிரெஞ்சு மொழியில் அவர் கேட்டது தண்ணீர். மறதி நோயில் இளமையில் புழங்கிய மொழி மேலெழுந்து வருவதுண்டு. தண்ணீருக்கும் கழிப்பறைக்கும் அவர் என்ன சொல் சொல்வார் என்று, சேர்க்கும் நாளிலேயே குடும்பத்தார் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அடிதடி அதிகம் நடப்பது குளியலறையில். யாரென்றே தெரியாத ஒருவர் சேலையை உருவித் தலையில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றினால் யார்தான் கை ஓங்கமாட்டார்? வெதுவெதுப்பான நீரைப் பாதத்தில் தொடங்குங்கள். தோளில் ஒரு துண்டைப் போர்த்தி வையுங்கள். செய்யப் போவதை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். மறுத்தால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு நாளை பார்த்துக்கொள்ளலாம்.

நேற்றுவரை அமைதியாக இருந்தவர் திடீரென்று கத்தினால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி ஆகியவற்றை முதலில் பாருங்கள். மருத்துவரைக் கேட்காமல் மயக்க மாத்திரை கொடுப்பது ஆபத்து. மறதி நோயுள்ள முதியவர்களுக்குச் சில மனநோய் மருந்துகள் உயிரிழப்பு அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலேயே எச்சரித்திருக்கிறது.

குடும்பத்தாரே, ஞாயிறு பகலில் பழத்தோடு போய்த் திரும்பினால் எதுவும் தெரியாது. வெளிச்சம் மங்கும் மாலையில்தான் பதற்றம் கூடும். சொல்லாமல் அப்போது போங்கள். தடம் கண்டால் தேதியோடு படம் எடுங்கள். முதியோர் உதவி எண் 14567-ஐ அழைக்கத் தயங்காதீர்கள். நேற்று இரவு பணியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.