கோள் நெபுலாவுக்குத் தூரம் போடும்போது எங்கே சறுக்குகிறோம்?

தோட்டத்துத் திடலில் தொலைநோக்கியை நிறுத்தி வளைய நெபுலாவைக் காட்டினால் பையன்கள் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணே, இது எவ்வளவு தூரம்?" சுமார் 2,500 ஒளியாண்டு என்று இன்றைக்குச் சொல்லிவிடலாம், ஆனால் எல்லாக் கோள் நெபுலாவுக்கும் இப்படிப் பட்டென்று பதில் வராது. சாகப்போகும் நட்சத்திரம் உதறிய வாயுதான் கோள் நெபுலா, வளைய நெபுலாவும் அதில் ஒன்று.

மங்கலாக இருந்தால் தூரம் என்று நினைப்பதுதான் பெரிய தவறு. புகைமூட்டம் பிடித்த ராத்திரியில் செம்பனைக் காட்டுக்கு அந்தப் பக்கம் மினுங்குவது ஆலையின் பெரிய விளக்கா, பக்கத்து லயத்து வாசல் பல்பா, யாருக்குத் தெரியும்? நட்சத்திரம் உதறிய வாயு விரிய விரிய நெபுலா மங்கிக்கொண்டே போகும். 1956இல் சோவியத் வானியலாளர் ஷ்க்லோவ்ஸ்கி எல்லா நெபுலாவிலும் ஒரே அளவு வாயு என்று வைத்துக்கொண்டு தூரத்தைக் கணக்குப் போட்டார். எல்லா லயத்து வீட்டிலும் ஒரே வாட் பல்பு என்பது மாதிரி. நிஜத்தில் வாயுவின் அளவு ஆளுக்கு ஆள் மாறும், தூரம் இரண்டு மடங்கு கூடத் தப்பலாம்.

சரி, ஐரோப்பாவின் கையா விண்கலம் நெபுலாவின் நடு நட்சத்திரத்துக்கு இடமாறு கோணத்தை (பூமி சூரியனைச் சுற்றும்போது நட்சத்திரம் நகர்வதுபோலத் தெரியும் கோணம்) அளந்து தந்திருக்கிறதே, ஒன்றை அதால் வகுத்தால் போதாதா? அங்கேதான் அடுத்த சறுக்கல். கோணம் 0.2 மில்லி ஆர்க்செகண்ட், பிழை 0.1 என்று வையுங்கள் (ஒரு பாகையில் 3,600இல் ஒரு பங்கு ஆர்க்செகண்ட், அதில் ஆயிரத்தில் ஒன்று மில்லி ஆர்க்செகண்ட்). ஒன்றை 0.0002 ஆர்க்செகண்டால் வகுத்தால் 5,000 பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு). ஆனால் 0.3 என்றால் 3,300, 0.1 என்றால் 10,000. ஒரு பக்கம் 1,700, மறுபக்கம் 5,000! கையா பட்டியலின் சில வரிசைகளில் கோணம் மைனஸில்கூட வரும், அது அளவைப் பிழையின் விளையாட்டு. அசிங்கமாக இருக்கிறதே என்று அவற்றை அழித்தால், மிச்சமிருக்கும் நெபுலாக்கள் எல்லாம் நிஜத்தைவிடக் கிட்டே வந்து நிற்கும்.

நட்சத்திரத்தையே மாற்றிப் பிடிப்பதும் உண்டு. என்ஜிசி 3132 என்ற கோள் நெபுலாவின் நடுவில் பளிச்சென்று தெரிவது நெபுலாவை உண்டாக்கியது இல்லை, பக்கத்தில் ஒளிந்திருக்கும் மங்கல் நட்சத்திரம்தான் அது. இங்கே இரண்டும் ஜோடி என்பதால் தூரம் தப்பவில்லை. மற்ற இடத்தில், குறுக்கே நிற்கும் ஏதோ ஒரு நட்சத்திரத்தின் கோணத்தை எடுத்தால் எல்லாம் போச்சு.

அப்புறம், நெபுலாக்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று போடும் வரைபடம். பால்வெளித் தளத்தில் தூசி அடர்த்தி, அதனால் தூரத்து நெபுலா கண்ணுக்கே படாது. வெற்றிடமாகத் தெரியும் இடத்தில் நெபுலா இல்லை என்று எழுதிவிடாதீர்கள், ரேடியோவிலும் அகச்சிவப்பிலும் பார்த்தால் அங்கேயும் ஆள் இருக்கும். நான் போட்ட முதல் வரைபடத்தில் நெபுலாக்கள் சூரியனைச் சுற்றித்தான் மொய்த்துக்கொண்டு நின்றன, ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்துவிட்ட மிதப்பில் ஒரு வாரம் திரிந்தேன்.