ஒரு கட்சியின் சரிவைக் கணக்கிட்டுப் படிப்பது எப்படி: பிரான்சின் சோசலிஸ்ட் கட்சி

பழம்பெரும் இடதுசாரிக் கட்சியொன்று எப்போது, எதனால் தேய்ந்தது என்று ஆராய விரும்புவோர், முதலில் ஒரே வகைத் தேர்தலின் முடிவுகளை மட்டும் வரிசையாக எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். பிரான்சின் அதிபர் தேர்தல் முதல் சுற்றில் சோசலிஸ்ட் கட்சியின் ஒலாந்த் 2012-இல் 28.6 விழுக்காடும், அமோன் 2017-இல் 6.4 விழுக்காடும், இதால்கோ 2022-இல் 1.75 விழுக்காடும் பெற்றனர்.

இதைப் பார்த்தவுடன் காரணம் சொல்லக் கிளம்பிவிடாமல், போன வாக்குகள் யாரிடம் போயின என்று தேடுங்கள். 2008-இல் கட்சியை விட்டு வெளியேறிய மெலான்ஷோன் 2017-இல் 19.6 விழுக்காடு வாங்கினார். 2012-இல் வென்று அதிபரான ஒலாந்தின் அரசில் பொருளாதார அமைச்சராக இருந்த மக்ரோன் 24 விழுக்காட்டுடன் முதலிடம் பிடித்தார். இடப்பக்கம் ஒருவரும் நடுப்பக்கம் ஒருவருமாகப் பங்குபோட்டுக்கொண்ட இருவருமே இந்தக் கூடாரத்தில் இருந்தவர்கள் என்பதால், 'தொழிலாளர்கள் தீவிர வலதுசாரிகளிடம் போய்விட்டார்கள்' என்ற வழக்கமான விளக்கம் மட்டும் இங்கே போதாது.

அடுத்து, பிளவு வெளியே தெரிந்த தருணத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 2016-இல் தொழிலாளர் சட்டத் திருத்தத்தைத் தன் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர்களே எதிர்த்ததால், ஒலாந்தின் பிரதமரான வால்ஸின் அரசு அரசமைப்பின் 49.3 பிரிவைக் கொண்டு வாக்கெடுப்பே இல்லாமல் அதை நிறைவேற்றியது. மறு ஆண்டு அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலில் அமோனிடம் தோற்ற அதே வால்ஸ், வெற்றி பெறுபவரை ஆதரிப்பதாக முன்பே ஒப்புக்கொண்டிருந்தும், மக்ரோனுக்கே வாக்களிக்கப்போவதாக அறிவித்தார். என் கணிப்பில், கட்சி உடைந்தது வாக்குச்சாவடியில் அல்ல, இந்த இடத்தில்தான்.

பலரும் மறக்கும் ஏடு கட்சியின் வரவுசெலவு. பிரான்சில் கட்சிகளுக்கான அரசு நிதி நாடாளுமன்றத் தேர்தலில் பெறும் வாக்குகளையும் இடங்களையும் பொறுத்தது. எனவே 2012-இல் ஏறக்குறைய 280 ஆக இருந்த இடங்கள் 2017-இல் 30 அளவுக்குச் சுருங்கியபோது வருமானமும் உடன் சுருங்கியது. பாரிசின் சொல்ஃபெரினோ தெருவில் 1980-களின் தொடக்கம் முதல் தலைமையகமாக விளங்கிய மாளிகையை 4.5 கோடி யூரோவுக்கு மேல் விற்றுவிட்டு, நகருக்கு வெளியே இவ்ரி-சூர்-சேனுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

கடைசியாக நகரமன்றங்களைத் தனிப் பத்தியில் எழுதுங்கள். இதால்கோ நாடு முழுவதும் 1.75 விழுக்காடு பெற்ற ஆண்டிலும் பாரிசின் மேயராக நீடித்தார். நான்ட், ரென், லில் ஆகிய நகரங்களும் கட்சியின் கையிலேயே இருந்தன. 2024 ஐரோப்பியத் தேர்தலில் கிளுக்ஸ்மன் தலைமையில் இக்கட்சியும் சேர்ந்து நின்ற கூட்டுப்பட்டியல் பெற்ற 13.8 விழுக்காட்டையும் இதைப் போலவே தனியாக வையுங்கள்; அதிபர் தேர்தல் வரிசையோடு சேர்த்துவிட்டால், நடக்காத மறுமலர்ச்சி ஒன்று நடந்ததுபோலத் தெரியும்.