குளிர் தாங்கும் மரபணுவைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிப் பனியிலும் மணி பிடித்து நிற்கும் கேழ்வரகுச் செடியைக் கண்டதும், குளிர் தாங்கும் மரபணு அதில் இருக்கிறது என்று முடிவுகட்டிவிடுவதே முதல் தவறு. அது குளிரைத் தாங்கியும் இருக்கலாம். குளிர் இறங்குமுன் பூத்துத் தப்பியும் இருக்கலாம். ஆகவே பூக்கும் நாளைக் குறிக்காமல் விளைச்சலை மட்டும் அளந்தால், கிடைப்பது பூக்கும் காலத்தை ஆளும் மரபணுவாகவே இருந்துவிடக் கூடும்.

இந்தக் குழப்பம் கோதுமையில் நெடுங்காலம் நீடித்தது. அதன் 5ஏ குரோமோசோமில், பூப்பதற்குக் குளிர் தேவையா என்பதை ஆளும் விஆர்என்1 மரபணு இருக்கும் இடத்திலேயே உறைபனி தாங்கும் தன்மையும் தென்பட்டதால், அங்கே இருப்பது ஒரு மரபணுவா, அடுத்தடுத்த இரண்டா என்ற கேள்வி எழுந்தது. விஆர்என்1 இல்லாத சடுதிமாற்றச் செடிகளை வைத்து 2010இல் வெளியான ஆய்வு, அந்த ஒரு மரபணுவே இரண்டையும் பாதிக்கிறது என்று காட்டியது.

குளிர் என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடக்குவதும் தவறு. கோதுமையும் பார்லியும் சந்திப்பது திசுவுக்குள் பனிக்கட்டி உருவாகும் உறைநிலை. நெல்லுக்கோ 15 டிகிரி செல்சியஸ் கூடத் தொல்லைதான். நெல்லுக்குள்ளேயும் பருவம் முக்கியம். 2015இல் அறிவிக்கப்பட்ட கோல்ட்1 என்ற மரபணு நாற்றுப் பருவத்துக்கும், 2017இல் வந்த சிடிபி4ஏ என்ற மரபணு, கதிர் இலையுறைக்குள் உருவாகும் பொதிப் பருவத்துக்கும் உரியவை. நாற்று பிழைத்ததை வைத்துக் கதிர் பதராகாது என்று சொல்லிவிட முடியாது. பொதிப் பருவத்தைச் சோதிப்பவர்கள் விதைத்த நாளைக் கணக்கிட்டுக் குளிரூட்டினால் போதாது. கண்ணாடி இலையின், அதாவது கதிருக்கு முன் வரும் கடைசி இலையின் கழுத்து, அதற்குக் கீழ் இலையின் கழுத்து மட்டத்துக்கு வரும் தூரை (கிளைத்தண்டை) அடையாளமிட்டு, அந்தத் தூரின் பதரை மட்டும் எண்ண வேண்டும். ஏனெனில் மகரந்தத் தாய்ச்செல்கள் பிரியும் கட்டம் ஏறக்குறைய அப்போதுதான் நிகழ்கிறது. சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் குறுக்குவழி கிடையாது.

குளிரில் எந்த மரபணு அதிகம் இயங்குகிறது என்று பார்த்துப் பட்டியலிடுவது எளிது. அந்தப் பட்டியலையே கண்டுபிடிப்பாகக் கருதுவதுதான் பிழை. குளிர் பட்டதும் பிற தற்காப்பு மரபணுக்களை முடுக்கிவிடும் சிபிஎஃப் வகை மரபணுக்களின் இயக்கம் செடியின் உள்கடிகாரத்தின்படி பகலிலும் இரவிலும் மாறுவதால், குளிர் மாதிரியைக் காலையிலும் ஒப்பீட்டு மாதிரியை மாலையிலும் எடுத்தவருக்குக் குளிரின் விளைவும் வேளையின் விளைவும் பிரியாமல் கலந்துவிடும். மேலும், இந்தச் சிபிஎஃப் மரபணுக்கள் பார்லியின் 5எச் குரோமோசோமில் கொத்தாக இருக்கின்றன. பார்லி வகைக்கு வகை அவற்றின் படிகளின் (நகல்களின்) எண்ணிக்கையும் மாறுகிறது. ஒரே வகையின் மரபணுத்தொகையை மேற்கோளாக வைத்தால், அதில் இல்லாத படி ஆய்வாளரின் கண்ணுக்கே படாது. நான்மடியமான, அதாவது நான்கு தொகுதிக் குரோமோசோம்கள் கொண்ட கேழ்வரகில், ஏறத்தாழ ஒன்றுபோலிருக்கும் இணை மரபணுக்களைப் பிரித்தறியும் சிக்கல் வேறு சேர்ந்துகொள்கிறது.

பல நெல் வகைகளைக் கலந்து, எந்த மரபணு வேறுபாடு குளிர் தாங்குதலோடு சேர்ந்து வருகிறது என்று தேடும் தொடர்பாய்வு செய்யும்போது, நெல்லின் இரு பெரும் பிரிவுகளில் ஜப்போனிக்கா வகைகள் பொதுவாகவே இண்டிகாவைவிடக் குளிர் தாங்குபவை என்பதால், அவ்விரு கூட்டங்களையும் வேறுபடுத்தும் எந்த மரபணுவும் குளிரோடு தொடர்புடையதாகத் தோன்றும். எந்த வகை எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்பதைக் கணக்கில் சேர்த்த பிறகும் எஞ்சும் குரோமோசோம் இடத்தை, இரு பெற்றோர் கலப்புச் சந்ததியில் குறுக்கி, மரபணுவைத் திருத்தியோ முடக்கியோ சோதிக்க வேண்டும். மிகையாக இயக்கிப் பார்த்தது மட்டும் சான்றாகாது. சிபிஎஃப்பை அப்படி இயக்கிய செடிகள் பல குளிரைத் தாங்கினாலும் குட்டையாகி, தாமதமாகப் பூத்தன.