ஆட்டுக் காதை மட்டும் பார்க்காதீர்கள்

தாராபுரம் பக்கம் கொரங்காட்டில் (மேய்ச்சல் காட்டில்) செம்மறி மேய்க்கும் எங்கள் அம்மிச்சிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, போன கார்த்திகையில் காய்ச்சல். டைஃபாய்டு என்று ஐந்து நாள் ஊசி போட்டும் இறங்கவில்லை. வேறு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். அங்கே ஒரு நர்ஸ் அம்மா கொசுவத்தைத் தளர்த்திப் பார்த்தார். பாவாடை நாடா அழுத்தும் இடத்தில், சிகரெட்டால் சுட்டது போல ஒரு கறுத்த பொருக்கு. "எறும்பு கடிச்சிருக்கும் சாமி, வலியே இல்லை" என்றார் அம்மிச்சி.

அந்தப் பொருக்குதான் ஸ்க்ரப் டைஃபஸ் என்ற காய்ச்சலின் அடையாளம். வலிக்காததால்தான் யாரும் அதைக் காட்டுவதில்லை. அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடியில் என்று மறைவிடமாகப் பார்த்து வருவதால் கூச்சம் வேறு. காய்ச்சலோடு போகும்போது அந்த இடங்களை வீட்டிலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள். பொருக்கு இல்லாமலும் இந்தக் காய்ச்சல் வரும் என்பதால், ஆடு மேய்த்தது, புல் அறுத்தது எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இதை 'உண்ணிக் காய்ச்சல்' என்கிறோம். அந்தப் பேராலேயே ஒரு தவறு நடக்கிறது: ஆட்டுக் காதில் உண்ணி இல்லை, அதனால் பயமில்லை என்று நினைத்துவிடுகிறோம். இந்த நோயைக் கொண்டு வருவது ஆட்டு உண்ணி இல்லை. மண்ணில் வாழும் ஒரு சிற்றுண்ணியின் குஞ்சு அது, அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. புல் நுனியில் காத்திருந்து, போகிற எலி மீதோ நம் மீதோ ஏறிக்கொள்கிறது. வாழ்நாளில் அது கடிப்பது பெரும்பாலும் ஒரே ஒரு முறை. அப்படியானால் கிருமி அதற்குள் எப்படி வந்தது? தாயிடமிருந்து முட்டை வழியாக! வளர்ந்த சிற்றுண்ணி யாரையும் கடிப்பதில்லை, மண்ணிலுள்ள பூச்சி முட்டைகளைத் தின்று வாழ்கிறது.

அப்போது எலிக்கு இதில் என்ன வேலை? வயல் எலியும் பெருச்சாளியும் மூஞ்சூறும் அந்தக் குஞ்சுகளுக்குத் தீனி. அவற்றைப் பக்கத்துக் காட்டுக்குச் சுமந்து போகிற வண்டியும்கூட. அதனால் எலி மருந்து வைத்தாயிற்று, வேலை முடிந்தது என்று இருப்பதும் தவறு. எலி செத்தாலும் கிருமி மண்ணில் இருக்கும் சிற்றுண்ணிகளிடம் தலைமுறை தலைமுறையாகத் தங்கிவிடுகிறது. எலியைக் குறைப்பதோடு, வீட்டை ஒட்டிய புதரையும் வெட்ட வேண்டும். கிளுவை வேலியோரம் தீவனத்தட்டுக் குப்பையைக் குவித்து வைத்தால் எலி அங்கேயே குடியேறிவிடும்.

சரி, உண்ணியால் ஒன்றுமே வராதா? வரும். நாய் உண்ணி வேறொரு டைஃபஸ் காய்ச்சலைக் கொடுக்கும். பிடுங்கிய உண்ணியை நகத்தில் வைத்து நசுக்குவது எங்கள் ஊரில் எல்லோருக்கும் பழக்கம். தயவுசெய்து அதை விடுங்கள், அதன் உடல் நீர் விரல் கீறல் வழியாக உள்ளே போகும். மண்ணெண்ணெய் தடவுவதும், தீக்குச்சியால் சுடுவதும் வேண்டாம். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நேராக மெதுவாக இழுத்து எடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மருந்துக் கடையில் ஏதோ ஒரு ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போட்டுக்கொண்டு நாளைக் கடத்துவதுதான் எனக்கு மிகவும் பயமான தவறு. இந்தக் கிருமி நம் உயிரணுக்களுக்குள்ளேயே புகுந்து வாழ்வது. அமாக்சிசிலின் அதற்குக் கேட்காது. டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் கேட்கும், அதையும் மருத்துவர்தான் அளவு பார்த்துத் தர வேண்டும். தள்ளிப்போட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போய்விடும். சரியான மாத்திரை தொடங்கிய இரண்டாம் நாளே அம்மிச்சிக்குக் காய்ச்சல் இறங்கியது.

கோபி, பவானிப் பக்கம் நெல் வயலில் இறங்குகிறவர்களுக்கு எலிக் காய்ச்சல் தனி. எலியின் சிறுநீரகத்தில் தங்கும் கிருமி அதன் மூத்திரத்தோடு தண்ணீரில் கலந்து, காலிலுள்ள வெடிப்பு வழியாக ஏறும். வெடிப்போ புண்ணோ இருந்தால் பூட்ஸ் இல்லாமல் சேற்றில் இறங்க வேண்டாம்.

அப்புறம், துவைத்த துணியைப் புல்லிலும் வேலியிலும் விரித்துக் காயப்போடுவதும் தவறு, அந்தச் சிற்றுண்ணிக் குஞ்சுகள் துணியில் ஏறிக்கொள்ளும். இப்போது அம்மிச்சி வீட்டுத் திண்ணைத் தூணிலிருந்து வேப்பமரத்துக்கு ஒரு கொடி கட்டியிருக்கிறோம்.